மஞ்சள் தண்ணியை வடிய விட்டனீங்களோ?

போன இதழில தோல் சம்பந்தமாய் என்னவெண்டாலும் கேளுங்கோ எண்டு போட்டதுதான், வந்த கடிதத்திலயும் வாட்ஸ்அப்பிலயும் பாதிக்கு மேல கத்தாழைதான். பருவுக்குக் கத்தாழை, நெருப்புச் சுட்டதுக்குக் கத்தாழை, தலைமயிருக்குக் கத்தாழை, அப்பாவின்ர கால் புண்ணுக்கும் கத்தாழை. முப்பது வருசம் மருந்து குடுக்கிற மேசைக்குப் பின்னால நிண்டவள் நான், எனக்கும் வீட்டில ரெண்டு சாடியில கத்தாழை நிக்குது, அதால நான் கத்தாழைக்கு எதிரி எண்டு ஒருத்தரும் நினைச்சுப் போடாதேங்கோ. ஒரே மாதிரி வந்த கேள்வியளைச் சேர்த்து இந்த முறை இதை மட்டும் கதைப்பம்.

கேள்வி (கோண்டாவில்): அக்கா, என்ரை மகளுக்கு ஆவணியில கலியாணம். முகத்தில பரு வந்த கறுப்பு அடையாளம் போகேல்லை எண்டு யூடியூப்பைப் பாத்திட்டு, வேலிக்கரையில நிண்ட கத்தாழையை முறிச்சு அப்பிடியே முகத்தில தேய்ச்சுப் போட்டாள். அரை மணித்தியாலத்தில சிவந்து எரியத் தொடங்கீற்று, அடுத்த நாள் கழுத்திலயும் பொரிப்பொரியாய்க் கிளம்பி ஒரே கடி. இது இயற்கைதானே, ஒண்டும் செய்யாது எண்டுதானே சொல்லுகினம்?

தங்கச்சி, காஞ்சோண்டியும் இயற்கைதான், அதை ஆரும் முகத்தில தேய்க்கிறேல்லை.

உங்கட மகள் விட்ட பிழை, முறிச்ச கையோட பூசினது. கத்தாழை இலைக்குள்ள இருக்கிறது ஒண்டில்லை, ரெண்டு சாமான். நடுவில கண்ணாடி மாதிரிக் கிடக்கிற சோறு ஒண்டு, அது கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணிதான், நூறில தொண்ணூத்தெட்டு தொண்ணூத்தொன்பது பங்கு தண்ணி, மிச்சம் கொஞ்சம் வழுவழுப்பான மாச்சத்து. மற்றது பச்சைத் தோலுக்கு அடியோட ஒட்டி ஓடுற மஞ்சள் பால். அலோயின் எண்டுற சாமான் இதுக்குள்ளதான் இருக்கு. தோலை எரிக்கிறதும் கடிக்கப் பண்ணுறதும் அநேகமாய் இந்த மஞ்சள் பால்தான்.

ஒருக்கா வீட்டில செய்து பாருங்கோ, நான் சொல்லித் தெரியிறதை விட கண்ணால பாத்தால் விளங்கும். முத்தின இலை ஒண்டை அடியோட வெட்டி, வெட்டின பக்கம் கீழ வாறமாதிரி ஒரு வெள்ளைக் கோப்பைக்குள்ள நிமித்தி வையுங்கோ. முதல்ல ஒண்டும் தெரியாது. பேந்து மெல்ல மெல்ல மஞ்சளாய் ஊறி வந்து கோப்பையின்ர அடியில நிக்கும், கொஞ்ச நேரம் விட்டால் அது கறுத்து கடுஞ்சாயத் தேத்தண்ணி மாதிரி வரும். மணமும் ஒரு மாதிரி. நுனிவிரலால தொட்டு நாக்கில வைச்சியள் எண்டால் வேப்பங்கொழுந்து இனிப்பு எண்டு சொல்லுவியள். என்ரை அம்மம்மா பிள்ளைக்குப் பால் மறப்பிக்க முலையில பூசுறது இதைத்தான், அவ்வளவு கைப்பு. பதினைஞ்சு நிமிசமெண்டாலும் வடிய விட்டு, ரெண்டு பக்க முள்ளையும் சீவி, பச்சைத் தோலைக் கொஞ்சம் மொத்தமாயே எடுத்துப்போட்டு (மெல்லிசாய்ச் சீவினால் மஞ்சள் சோத்தோடயே நிண்டுடும்) உள்சோத்தைத் தண்ணியில அலசி எடுக்கோணும். பழைய ஆக்கள் ஏழு தரம் கழுவு எண்டு சொன்னது சும்மா சாத்திரத்துக்கு இல்லை. அலோயின் எண்டுற பேர் அவைக்குத் தெரியாது, ஆனால் எதைக் கழுவி ஊத்தோணும் எண்டு வடிவாய்த் தெரிஞ்சிருக்கு. வீடியோ போடுற பிள்ளையளுக்குத்தான் அந்தப் பதினைஞ்சு நிமிசம் பொறுக்கேலாமல் கிடக்கு.

கழுவினாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கத்தாழை வெங்காயம் உள்ளிக்குத் தூரத்துச் சொந்தம், வெங்காயம் உரிச்சால் கை வெடிச்சுக் கடிக்கிற ஆக்கள் முதல்லயே கவனம். ஆரெண்டாலும் முழங்கையின்ர உள்பக்கத்தில ஒரு ரூபாய்க் குத்தி அளவு பூசி ஒரு நாள், ஏலுமெண்டால் ரெண்டு நாள் பாத்திட்டுத்தான் முகத்துக்குப் போகோணும்.

இப்ப மகளுக்கு என்ன செய்யிறது எண்டால், ஒண்டும் செய்யாதேங்கோ. பச்சைத் தண்ணியால கழுவிப்போட்டு விடுங்கோ. கத்தாழை எரிச்சதுக்கு மஞ்சள், மஞ்சள் எரிச்சதுக்குக் கடலைமா எண்டு ஒண்டுக்கு மேல ஒண்டு பூசிக்கொண்டு போகாதேங்கோ. கண்மடல் வீங்கினால், மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி. மற்றும்படி ரெண்டு மூண்டு நாளில அடங்காட்டில் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. பருவின்ர கறுப்புக்கு கத்தாழை பெரிசாய் ஒண்டும் செய்யாது, அது மாதக்கணக்கில தானாய் மங்கும், வெய்யில் பட்டால் இன்னும் கறுக்கும், கிள்ளினால் குழி விழும். இன்னொண்டு, கலியாண அவசரத்தில பேர் தெரியாத வெள்ளையாக்கிற கிறீம் ஒண்டையும் வாங்கிப் போடாதேங்கோ. சிலதுக்குள்ள பாதரசம் இருந்து கன நாட்டில பிடிபட்டிருக்கு. மாநிறத்தில வடிவாய் நிக்கிற பிள்ளைக்கு ஏன் உந்த வேலை.

கேள்வி (சாவகச்சேரி): வடை சுடேக்கை எண்ணெய் தெறிச்சு கை சுட்டுப் போச்சு. மாமி பல்பசை பூசச் சொன்னா, நான் ஓடிப்போய்க் கத்தாழை முறிச்சுப் பூசினன். ஆர் செய்தது சரி?

ரெண்டு பேரும் இல்லை. சரியான ஆள் கிணத்தடியில நிண்ட வாளி.

சுட்ட உடனே செய்ய வேண்டியது பைப்பைத் திறந்து ஓடுற பச்சைத் தண்ணிக்குக் கீழ கையைப் பிடிக்கிறது, அதுவும் ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் இல்லை, 20 நிமிசம். மணிக்கூட்டைப் பாத்துப் பிடிக்கோணும், ஏனெண்டால் நோவுக்குள்ள அஞ்சு நிமிசமே ஒரு மணித்தியாலம் மாதிரி இருக்கும். எண்ணெயைத் தட்டி விட்டாலும் தோலுக்குள்ள இறங்கின சூடு உள்ளுக்கு நிண்டு வேக வைச்சுக்கொண்டுதான் இருக்கும், அதை வெளியில எடுக்கிறது தண்ணி மட்டும்தான். பைப் இல்லாட்டில் கிணத்துத் தண்ணியை அள்ளி அள்ளி ஊத்துங்கோ. சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை, மூண்டு மணித்தியாலத்துக்குள்ள எண்டால் பிரயோசனம் இருக்கு. காப்பு, மோதிரம் எல்லாத்தையும் வீங்க முதல் கழட்டிப் போடுங்கோ. ஐஸ் கட்டி வைக்காதேங்கோ. பல்பசை, முட்டை வெள்ளைக்கரு, மை, பட்டர் ஒண்டும் வேண்டாம்.

எனக்கும் ஒருக்கா கஞ்சி வடிக்கேக்கை மூடி வழுக்கி மணிக்கட்டில ஊத்துப்பட்டது. மருந்து குடுக்கிற வேலை செய்யிறவள், ஊருக்கெல்லாம் சொல்லுறவள், அண்டைக்கு நானே தண்ணியை விட்டிட்டுக் கத்தாழைச் சாடிக்குத்தான் ஓடினன். பழக்கம் அப்பிடி. பெரிய கொப்புளமாய் எழும்பினது, இப்பவும் அந்த அடையாளம் கிடக்கு, காப்புக்குள்ள மறைச்சுக்கொண்டு திரியிறன்.

தண்ணிக்குப் பிறகு பூசலாமோ எண்டால், தோல் கிழியாமல் சிவந்து மட்டும் இருந்தால் பூசலாம், குளிர்மையாய் இருக்கும். கொப்புளம் வந்து தோல் உரிஞ்ச இடத்தில வீட்டுக் கத்தாழை வேண்டாம், வேலிக்கரை மண்ணும் கிருமியும் அதோட சேந்து உள்ளுக்குப் போகும். கத்தாழை சூட்டுக்காயத்துக்கு நல்லது எண்டு சொல்லுறது முழுப்பொய்யும் இல்லை. 2007ல 4 ஆய்வுகளில இருந்த 371 பேரின்ர முடிவுகளைச் சேர்த்துப் பாத்தவை, கத்தாழை போட்ட ஆக்களுக்குக் கிட்டத்தட்ட 9 நாள் முந்தி ஆறியிருக்கு எண்டு எழுதியிருக்கினம். ஆனால் 2012ல, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சரிபிழை பாக்கிற கொக்ரேன் எண்டுற அமைப்பு காயங்களைப் பற்றின ஆய்வுகளை உரைச்சுப் பாத்திட்டு, நம்பக்கூடிய தரத்தில ஆதாரம் காணாது எண்டு சொல்லிப்போட்டுது. ஆய்வில பாவிச்சது சுத்தம் செய்த மருந்து எண்டதையும் மறக்காதேங்கோ.

உள்ளங்கையும் விரலும் சேந்த அளவை விடப் பெரிசாய்ச் சுட்டிருந்தால், முகம், மூட்டு, மறைவிடத்தில எண்டால், சின்னப்பிள்ளை எண்டால், வெள்ளையாய் நோவே இல்லாமல் இருந்தால் (நோகேல்லை எண்டு சந்தோசப்படாதேங்கோ, அது ஆழம்) நேரை ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாட்டில் 1990 எண்டுற அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ, காசில்லை.

கேள்வி (மானிப்பாய்): வெறும் வயித்தில கத்தாழை யூஸ் குடிச்சால் இரத்தம் சுத்தமாகி தோல் பளபளக்கும் எண்டுகினம், உண்மையோ?

இல்லை. இரத்தத்தைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் கிடக்கு, உங்களை ஒரு சதமும் கேக்காமல் வேலை செய்யுதுகள்.

வீட்டில முழு இலையை அடிச்சுக் குடிக்கிறது எண்டால் கட்டாயம் வேண்டாம். அந்த மஞ்சள் பால் கடும் பேதி மருந்து. காய்ச்சி இறுக்கினால் அதுதான் கரியபோளம், நாட்டு மருந்துக் கடையில மூசாம்பரம் எண்டும் கேட்டிருப்பியள். அமெரிக்காவில மருந்துக் கடையில சும்மா வாங்கக்கூடிய பேதி மருந்துகளுக்குள்ள கத்தாழையைப் போடுறதை 2002ல நிப்பாட்டிப் போட்டினம். முழு இலைச் சாறை ரெண்டு வருசம் எலிகளுக்குத் தண்ணியில கலந்து குடுத்துப் பாத்ததில பெருங்குடல்ல கட்டி வந்திருக்கு. கர்ப்பிணியள், பால் குடுக்கிறவை, இருதய வருத்தத்துக்கும் நீர் போறதுக்கும் குளிசை எடுக்கிறவை, சீனிக்குக் குளிசை போடுறவை இந்தப் பக்கமே போகாதேங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): அண்ணைக்கு சொரியாசிஸ், தோல் தடிச்சுச் செதில் செதிலாய் உரியிற வருத்தம், பத்து வருசமாய். லண்டனில இருக்கிற சித்தப்பா கத்தாழை கிறீம் பூசினால் முழுக்க மாறும், ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்கினம் எண்டு லிங்க் அனுப்புறார். அண்ணை டொக்டர் தந்த மருந்தை நிப்பாட்டப் போறன் எண்டு நிக்கிறார்.

சித்தப்பா பொய் சொல்லேல்லை, அரைவாசியைச் சொல்லியிருக்கிறார்.

1996ல ஒரு ஆய்வு வந்தது. சொரியாசிஸ் இருந்த 60 பேரை ரெண்டாய்ப் பிரிச்சு, 30 பேருக்குக் கத்தாழைச் சாறு கொஞ்சம் கலந்த கிறீம், 30 பேருக்கு வெறும் கிறீம். கத்தாழை பூசினதில 25 பேருக்கு மாறினது, வெறும் கிறீமில 2 பேருக்கு. வாசிச்சால் ஆருக்கும் மருந்துக் குப்பியை எறிஞ்சுபோட்டுக் கத்தாழை நட மனம் வரும். ஆனால் 2005ல டென்மார்க்கில 41 பேரை வைச்சு, ஒரே ஆளின்ர ஒரு பக்கத்துக்குக் கத்தாழை ஜெல், மற்றப் பக்கத்துக்குச் சும்மா ஜெல் எண்டு பூசிப் பாத்தவை. சும்மா ஜெல் பூசின பக்கம்தான் கூட நல்லாய் வந்திருக்கு, நூறுக்கு 82.5 இடம், கத்தாழைப் பக்கம் 72.5. இந்த லிங்கை ஒருத்தரும் ஃபோர்வேர்ட் பண்ணுறேல்லை பாருங்கோ. என்ரை யோசினை, ரெண்டு பக்கமும் தோல் ஈரமாய் இருந்ததாலதான் பாதிச் சுகம். எங்கட யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, அதில தோய்ஞ்சுபோட்டு வெளிக்கிட்டால் நல்ல தோலே வெள்ளை பாரிக்கும், சொரியாசிஸ் தோலைக் கேக்கவே வேண்டாம். தோய்ஞ்ச கையோட ஈரம் காய முதல் வாசனை இல்லாத மொய்ஸ்சரைசரோ, வசலினோ, தேங்காயெண்ணெயோ பூசச் சொல்லுங்கோ. கத்தாழையைத் தோல் வெடிக்காத இடத்தில மேலதிகமாய்ப் பூச விருப்பமெண்டால் நான் தடுக்கேல்லை.

ஆனால் மருந்தைத் திடீரெண்டு நிப்பாட்டக்கூடாது, முக்கியமாய் ஸ்டீரொயிட் மருந்தெண்டால், அடங்கிக் கிடந்தது ரெண்டு மடங்காய்க் கிளம்பும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில தோல் கிளினிக் இருக்கு, இலவசம், சனம் கூட எண்டு அலுக்காமல் போகச் சொல்லுங்கோ. சித்த வைத்தியம்தான் வேணுமெண்டால் கைதடிச் சித்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படிச்ச வைத்தியரிட்டைக் காட்டட்டும். அவை இதைக் காளாஞ்சகப்படை எண்டு சொல்லி வெட்பாலைத் தைலம் மாதிரி முறையான மருந்து தருவினம், ரெண்டு பக்க மருந்தையும் ரெண்டு பக்கத்துக்கும் மறைக்காமல் சொல்லோணும். மூட்டு நோவும் சேந்து வந்தால் சுணங்காமல் சொல்லுங்கோ, சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும்.

கேள்வி (உரும்பிராய்): சிசேரியன் செய்து பன்ரெண்டு நாள். தையலின்ர ஒரு ஓரம் கொஞ்சம் விட்டு ஈரமாய் இருக்குது. அம்மா கத்தாழைச் சோறு வைச்சுக் கட்டுவம் எண்டுறா.

வேண்டாம் பிள்ளை, இண்டைக்கே ஆஸ்பத்திரியில காட்டுங்கோ. இதுக்கெண்டே 1991ல ஒரு ஆய்வு வந்தது. வயித்து ஒப்பரேசன் காயம் சரியாய்ப் பொருந்தாமல் திறந்துபோன பெண்களுக்கு வழமையான கட்டோட சராசரி 53 நாளில ஆறின காயம், கத்தாழை ஜெல் சேர்த்த ஆக்களுக்கு 83 நாள் எடுத்திருக்கு. சின்ன ஆய்வுதான், எண்டாலும் ஒரு மாதம் கூட. அம்மாவுக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ. காய்ச்சல் குளிர் வந்தாலோ, சுத்திவரச் சிவந்தாலோ, மணந்தாலோ விடியும் வரைக்கும் பாத்துக்கொண்டு இராதேங்கோ.

கேள்வி (நீர்வேலி): தொடையிடுக்கில வட்டமாய்ப் படை, தோட்டத்தில வேர்த்தால் சரியான கடி. கத்தாழை?

பூசினால் அஞ்சு நிமிசம் குளிரும், படை தன்ர பாட்டில வளரும். அது பூஞ்சணம், அதுக்கெண்ட மருந்து போட்டால்தான் சாகும், மாறின பிறகும் கொஞ்ச நாள் பூசோணும். கத்தாழையை விட எனக்குப் பயம், பார்மசியில கேட்டு வாங்கிற ஸ்டீரொயிட் கலந்த டியூப்தான். ரெண்டு நாளில கடி நிண்ட மாதிரி இருக்கும், படை பேந்து பாய் விரிச்ச மாதிரிப் பரவும். சாரம், உள்ளுடுப்பைத் தோய்ச்சு வெய்யில்ல காயப்போடுங்கோ, வீட்டில வேற ஆருக்கும் இருக்கோ எண்டும் பாருங்கோ.

கேள்வி (நல்லூர்): அப்பாவுக்குச் சீனி வருத்தம், 18 வருசம். போன திருவிழாவுக்கு வெறுங்காலோட வீதி சுத்தி வந்து உள்ளங்காலில கொப்புளம், அது உடைஞ்சு புண்ணாகி ஒரு மாதமாய்க் கத்தாழையும் மஞ்சளும் வைச்சுக் கட்டுறம். நோவில்லை எண்டு சொல்லுறார்.

உங்கட கடிதத்தை வாசிச்சிட்டு நான் இதழ் வரும் வரைக்கும் பொறுக்கேல்லை, நீங்கள் தந்த நம்பருக்கு அண்டைக்கே எடுத்தனான், ஞாபகம் இருக்கும். மற்ற ஆக்களுக்காக இங்க எழுதுறன்.

நோவில்லை எண்டதுதான் இதில பயங்கரம். சீனி கன காலம் கூடிக்கிடந்தால் கால் நரம்பு செத்துப்போகும், நல்லூரான் வீதி மணல் மத்தியான வெய்யில்ல கொதிக்கேக்கை எங்களுக்குத் துள்ளத் தோன்றும், அவருக்கு ஒண்டும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவு, அதால ஆறவும் மாட்டுது. மேலால கத்தாழை வைச்சுக் கட்டி ஈரமாய் மூடி வைச்சால் உள்ளுக்கு அழுகிறது வெளியில தெரியாது, ஒரு மாதம் அப்பிடியே போய்விடும், பிறகு விரலையோ காலையோ எடுக்கிற கதை. சீனிக்காரரின்ர கால் புண்ணுக்குக் கத்தாழை மட்டுமில்லை, வீட்டு மருந்து ஒண்டுமே இல்லை, கண்ட அண்டைக்கே கிளினிக். 25 நாள் திருவிழா, அப்பாவைப் போகாதேங்கோ எண்டு ஆராலயும் மறிக்கேலாது, அது தெரியும். விடியப்பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, மணல் குளிர்ந்து கிடக்கும். வந்த உடனே காலைக் கழுவி ஈரம் துடைச்சு, ஒரு கண்ணாடியைக் கீழ வைச்சு உள்ளங்காலைப் பாருங்கோ, விரல் இடுக்கையும் விரிச்சுப் பாருங்கோ.

கேள்வி (வேலணை): எங்கட பக்கம் ரெண்டு மூண்டு விதமான கத்தாழை நிக்குது. எல்லாம் ஒண்டோ? கடையில விக்கிற பச்சை ஜெல்லும் அதுதானோ?

நல்ல கேள்வி, ஒருத்தரும் கேக்காமல் விட்டது. மருந்துக்கு எடுக்கிறது சோத்துக் கத்தாழை. முறிச்சால் மெத்தெண்டு முறியும், உள்ளுக்குச் சோறு வழுக்கும், பூ மஞ்சளாய் ஒரு தண்டில வரும். ஆனைக்கத்தாழை எண்டு ஆள் உயரத்துக்கு நிக்கிறது வேற சாதி. இலை நுனியில ஊசி மாதிரி முள், முறிச்சால் நார் நாராய் வரும், சாறு பட்டாலே தோல் கடிச்சுத் தடிக்கும், அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் இருக்கு. இதை அதெண்டு நினைச்சு முழங்காலுக்குப் பூசிப்போட்டு வந்த ஐயா ஒராளை எனக்குத் தெரியும், முழங்கால் நோ அப்பிடியே கிடக்க, தோல்தான் ஒரு கிழமை அழுதது.

கடை ஜெல்லைப் பற்றி: கத்தாழைச் சோத்துக்கு நிறமே இல்லை, பச்சை எண்டால் சாயம். நானும் ஒருக்கா வடிவான போத்தலைப் பாத்து ஏமாந்து வாங்கினனான், வீட்டை வந்து கண்ணாடியைப் போட்டுப் பின்பக்கத்தை வாசிச்சால் முதல்ல தண்ணி, பிறகு அல்கஹோல், வாசனை, சாயம், எல்லாத்துக்கும் கடைசியில கத்தாழை. கூட இருக்கிறதை முதல்ல எழுதிறதுதான் வழமை, அதால பட்டியல்ல கத்தாழை எத்தினையாவதாய் நிக்குது எண்டு பாருங்கோ. அல்கஹோலும் வாசனையும் இல்லாததை எடுங்கோ. ஒண்டு, இது சன்ஸ்கிறீன் இல்லை. கடலுக்குப் போய் வெய்யில் சுட்ட பிறகு பூசலாம், பூசிப்போட்டு வெய்யிலுக்குப் போனால் மறைக்காது. வீட்டில எடுத்த சோத்தை மூடின போத்தலில பிறிட்ஜில வைச்சு ரெண்டு மூண்டு நாளில முடியுங்கோ, தண்ணியாய்ப் போனாலோ, நிறம் மாறினாலோ ஊத்திவிடுங்கோ.

கேள்வி (சங்கானை): வாசலில கண்ணூறுக்குத் தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்ட கத்தாழை ரெண்டு வருசமாய்ப் பச்சையாய் நிக்குது. அதை வெட்டிப் பூசலாமோ?

தண்ணியைச் சேர்த்து வைச்சிருக்கிற சாதி, பகலில இலையின்ர துவாரத்தை மூடிப்போட்டு இரவிலதான் திறக்கும், அதாலதான் மண்ணில்லாமலும் சமாளிக்குது. ஆனால் மெலிஞ்ச இலைக்குள்ள சோறும் பெரிசாய் இராது, வீதித் தூசி முழுக்க அதிலதான் படிஞ்சிருக்கும். அது தன்ர வேலையைப் பாக்கட்டும். உங்களுக்கு வேணுமெண்டால் பக்கத்து வீட்டில ஒரு குட்டி கேட்டு வாங்கி, மணல் கலந்த மண்ணில சாடியில நட்டு, கிழமைக்கு ஒருக்கா மட்டும் தண்ணி விடுங்கோ. கூட விட்டால் அடி அழுகும்.